இரும்பைச் சாலையில் ஒரு நார்ப் பாடம்

 

'இரும்பை' என்று சொல்லி நிறுத்தினால், 'இரும்பை என்ன செய்தீர்கள்?' என்று கேட்கத்தான் உங்களுக்குத் தோன்றும். நான் சொல்வது ஓர் ஊரின் பெயர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், ஆரோவில்லை ஒட்டி அமைந்திருக்கிறது அவ்வூர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய சிவாலயத்தால் பெயர் பெற்ற பழைய ஊர். ஏரி உண்டு, பனை உண்டு, தென்னை உண்டு. மண்ணோ செக்கச்செவேலென்று இருக்கும். மண்ணிலுள்ள இரும்பு துருவேறிய நிறம் அது. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேட்டு நிலம் மழை அரித்து, ஓடை ஓடையாகப் பிளந்து கிடந்தது. பின்னர் நட்டு வளர்த்த மரங்களின் வேர்கள்தாம் அந்தச் செம்மண்ணைப் பிடித்து நிறுத்தின.

இரும்பும் நாரும் சேர்ந்து எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்த பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பாடத்தை நான் கற்கும்படி ஆனதற்கு என்னுடைய தவறு ஒன்றே காரணம். அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத மனம் இடம் தரவில்லை.

நான் செய்த பிழை

எங்கள் மதரஸாவின் ஹிஃப்ளு வகுப்பில் பதினாறு வயது மாணவர் ஒருவர் ஓதி வருகிறார். இரும்பைதான் அவருடைய ஊர். சென்ற ஆண்டு 22 ஜுஸ்வுகளை மனனம் செய்து முடித்திருந்தார். ஒரு வியாழக்கிழமை பிற்பகல், வார விடுமுறைக்காகத் தம் தாய்மாமனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வீட்டுக்குச் சென்றார். குறுக்கே ஓடிய நாயொன்றுக்கு வண்டியைத் திருப்பியதில் இருவரும் விழுந்தார்கள். மாணவரின் தலையில் தலைக்கவசம் இருந்தது. ஆனால் தரையில் மோதிய மாத்திரத்தில் அது கொட்டாங்கச்சியைப் போல் இரண்டாகப் பிளந்துவிட்டது.

அந்தத் தலைக்கவசத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். சாலையோரத்தில் குவித்து வைத்து விற்றதைப் பார்த்து, விலை 250 ரூபாய்தான் என்று மகிழ்ந்து, 'பிள்ளைகளின் பாதுகாப்புக்காக' என்று பெருமையோடு வாங்கினேன். 'ஐ.எஸ்.ஐ.' என்று ஒரு காகிதம் அதில் ஒட்டியிருந்தது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை.

மாணவர் நான்கு நாள் நினைவின்றிக் கிடந்தார். அல்லாஹ்வின் கிருபையால் உயிர் மீண்டது. பேச்சும் நடையும் மீண்டன. ஆனால் 17ஆம் ஜுஸ்வு முதல் 22 வரை ஆறு ஜுஸ்வுகள் நெஞ்சிலிருந்து போய்விட்டன. ஓதத் தொடங்குவார், இரண்டு ஆயத்துகளில் நின்றுவிடுவார், என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை எதிர்கொள்ள இயலாமல் நான் குனிந்துகொண்ட நாட்கள் பல.

உடல் தேறியபின் அவர் வீட்டிலிருந்தபடியே மீண்டும் ஓதி வந்தார். அவரைப் பார்க்கத்தான் நான் இரும்பை சென்றேன். மாணவரின் தகப்பனார் கடலோரக் குப்பங்களில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர். உடைந்த தலைக்கவசத்தின் இரண்டு துண்டுகளையும் அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். ஒரு துண்டைக் கையில் கொடுத்து, விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பிஸ்கெட்டை ஒடித்தது போல் வழவழப்பாக இருந்தது.

"ஹஜ்ரத், நல்ல பொருள் இப்படி உடையாது. நார் வைத்துச் செய்ததாக இருந்தால், உடைந்த இடத்தில் நார் பிய்ந்து நீட்டிக்கொண்டு நிற்கும். இது பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியது. உள்ளே தெர்மாகோலும் இல்லை, வெறும் ஸ்பாஞ்சு" என்றார்.

அவர் குரலில் என்மீது குற்றச்சாட்டு இல்லை. அதுதான் எனக்கு அதிக வேதனை தந்தது. மறுநாள் மரக்காணம் பக்கம் ஒரு படகு வேலைக்குப் போவதாகவும், விருப்பமிருந்தால் உடன் வரலாமென்றும் அழைத்தார். சென்றேன்.

படகுக் கரையில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகப் போக, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பனையும் தென்னையும் கூடவே வரும். கூனிமேட்டுப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, அதற்கப்பால் ஒரு குப்பத்தின் மணற்கரையில் இறங்கினோம்.

கரையில் வரிசையாக நின்றவை ஃபைபர் படகுகள். ஒரு காலத்தில் இங்கே கட்டுமரங்களே மிகுதி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரையையே மாற்றிவிட்டன. நாம் ஃபைபர் என்று சுருக்கமாகச் சொல்லும் பொருளில் இரண்டு உண்டு. ஒன்று, கண்ணாடியை உருக்கி இழுத்த மெல்லிய நார். மற்றொன்று, அந்த நாரை நனைத்து இறுகிப்போகும் ரெசின் என்னும் பிசின். இப்படி நாரும் பிசினும் சேர்ந்த பொருளைக் கலப்புருப் பொருள் என்கிறார்கள்.

மண் சுவர் எழுப்ப வைக்கோலை மிதித்துக் கலந்த நம் பாட்டன்மாருக்கு இது புதிய செய்தியல்ல. மண் மட்டும் இருந்தால் வெடிக்கும். வைக்கோல் மட்டும் இருந்தால் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவர்.

பாறையில் மோதிய படகொன்றின் அடிப்பக்கத்தைத் தகப்பனார் எனக்குக் காட்டினார். பிசின் வெடித்திருந்தது, நாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அடி விழும்போது நடப்பதை அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் பிசினில் நுண்ணிய வெடிப்புகள் விழும். வெடிப்பு நாரிடம் வந்ததும் தடைபட்டுத் திசை மாறும். பிறகு நார் நீளும், பிசினை விட்டு உருவிக்கொண்டு வெளியே வரும், கடைசியில்தான் அறும். இந்த ஒவ்வொரு படியிலும் அடியின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிவிடும். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே அது உள்ளிருப்பவரைக் காக்கிறது.

தலைக்கவசத்தின் வேலையும் இதுவே. வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும். உள்ளிருக்கும் கெட்டியான தெர்மாகோல் நசுங்கி, தலை நிற்க வேண்டிய நேரத்தைச் சற்றே நீட்டிக்கும். ஒரு நொடியின் மிகச் சிறு பங்கில் நடக்கும் இந்த விட்டுக்கொடுத்தல்தான் உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள திரை. எல்லா நல்ல தலைக்கவசமும் நாரால் ஆனதல்ல. தரமான பிளாஸ்டிக் ஓடுகளும் உண்டு. ஆனால் விட்டுக்கொடுக்கத் தெரியாத ஓடு எதுவாயினும் அது தொப்பியே தவிரக் கவசமல்ல.

இப்னு பதூதா கண்ட கயிறு

இந்த உண்மையை நம் கடல்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தன. மொராக்கோவின் தஞ்சீரில் பிறந்து உலகைச் சுற்றிய இப்னு பதூதா, 1343இல் மாலத்தீவை அடைந்து அங்கே காஜியாகவும் பணியாற்றினார். தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, நாரெடுத்துப் பெண்கள் கயிறு திரிப்பதை அங்கு கண்டு எழுதினார். 'கன்பர்' என்று அரபியர் அழைத்த அந்தக் கயிற்றைக் கொண்டே இந்தியக் கப்பல்களும் யமன் கப்பல்களும் தைக்கப்பட்டன. ஏன் ஆணி அடிக்கவில்லை என்பதற்கும் அவர் காரணம் சொல்கிறார்: இந்தக் கடலில் பாறைகள் அதிகம். இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் சிதறிவிடும். கயிற்றால் தைத்த கப்பலோ நெகிழ்ந்துகொடுத்துத் தப்பும்.

அவருக்கு முன்பே 1183இல் செங்கடல் துறையான ஐதாபில் தென்னைநாரால் தைத்த ஹாஜிகளின் படகுகளைக் கண்ட இப்னு ஜுபைரும் இதே கருத்தை எழுதியிருக்கிறார். ஹஜ்ஜுக்குச் சென்ற முன்னோர் பலரின் உயிரைத் தாங்கியது நம் தென்னை மட்டையின் நார்தான் என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது அல்லவா?

இதே சோழமண்டலக் கரையில் சென்னையிலும் புதுச்சேரியிலும் துறைமுக வசதி இல்லாத காலத்தில், ஆழக் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மக்களையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோல் திணித்துச் செய்தவை. அலை தூக்கி மணலில் அறைந்தாலும் அவை நெளிந்து கொடுக்கும். ஐரோப்பியரின் உறுதியான படகுகள் அந்த அலையில் உடைந்துபோயின. வலிமை மிகுந்தது உடைந்தது, வளைந்தது பிழைத்தது.

இரும்பைத் தின்னும் காற்று

மாலையில் மரக்காணம் உப்பளங்களுக்குச் சென்றோம். மூவாயிரம் ஏக்கருக்கும் மேலாகப் பரந்த பாத்திகள். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். அவற்றின்மேல் மூடிய ஓலைக் கீற்றுகள். பக்கத்திலேயே கழுவேலி நீர்நிலை. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம்.

உப்பளத்தில் உப்பு வாரும் பலகை மரத்தால் ஆனது, கைப்பிடியும் மரம். இரும்பு இங்கே நீடிக்காது. இறைப்பு மோட்டாரின் தாங்குசட்டம் துருவேறிச் செதில் செதிலாக உதிர்வதைக் கண்டேன். அதைக் கட்டியிருந்த தென்னங்கயிறு மட்டும் கறுத்துப்போய், ஆனால் அறாமல் இருந்தது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் தென்னைநாரில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இருக்கிறது. சணலில் அது பத்துப் பன்னிரண்டு பங்குதான். ஆகவேதான் தென்னைநார் உப்புநீரில் எளிதில் அழுகுவதில்லை. மட்டையை மாதக்கணக்கில் உப்பங்கழியில் ஊறப்போட்டே வெண்ணார் எடுக்கும் வழக்கமும் இதனால்தான் வந்தது.

கண்ணாடி நாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடி நாரின் அடர்த்தி 2.5, தென்னைநாருடையது ஏறத்தாழ 1.2. எடை பாதிக்கும் குறைவு. கண்ணாடி நார் இழுத்தால் நூற்றுக்கு ஐந்து பங்குகூட நீளாமல் அறும். தென்னைநார் 15 முதல் 40 பங்கு வரை நீண்டபின்பே அறும். கண்ணாடியை 1,400 பாகை வெப்பத்தில் உருக்க வேண்டும்; தென்னைநாருக்கு வெயிலும் தண்ணீரும் போதும். கண்ணாடித் தூள் தொழிலாளியின் தோலில் ஏறி அரிக்கும். தகப்பனாரின் முழங்கைகள் இரண்டும் சொறிந்து சொறிந்து தடித்திருந்தன. பழுதாகிக் கைவிடப்பட்ட ஃபைபர் படகுகள் கரையோரத்தில் மக்காமல் கிடப்பதையும் அன்று பார்த்தேன்.

உலகம் திரும்பிப் பார்க்கிறது

செடியின் நாரைக் கவசமாக்குவது புதிய எண்ணமல்ல. உலோகமே இல்லாத பசிபிக் தீவான கிரிபாட்டியின் வீரர்கள், தென்னைநாரை நெருக்கமாக முடிச்சிட்டுப் பின்னிய முழுக்கவசம் அணிந்து, சுறாப் பல் பதித்த வாள்களை எதிர்த்தார்கள். அக்கவசங்கள் இன்றும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உஸ்மானியத் துருக்கியர் பிரம்புக் குச்சிகளை வட்டமாகச் சுருட்டிப் பட்டு நூலால் பின்னி, நடுவில் எஃகுக் குமிழ் வைத்து, 'கல்கான்' என்னும் கேடயம் செய்தார்கள். கலவரக் காலங்களில் நம் காவலர்கள் பிரம்புக் கேடயம் ஏந்தி நின்றதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை வெளிவந்த டிரபாண்ட் காரின் மேற்கூடு, பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தியது. 1990களில் மெர்சிடிஸ் நிறுவனம் ஆளி, கற்றாழை நார்களால் காரின் கதவு உட்பலகைகளைச் செய்தது. 2019இல் போர்ஷே நிறுவனம் தன் பந்தயக் கார் ஒன்றின் கதவுகளையே செடிநார்க் கலப்பில் செய்தது. வங்கதேச விஞ்ஞானி முபாரக் அஹ்மத் கான் சணலையும் பிசினையும் கொண்டு 'ஜூட்டின்' என்னும் கூரைத் தகட்டை உருவாக்கினார். தகரத்தைப் போல் அது துருப்பிடிப்பதில்லை. உப்புக் காற்று வீசும் கரைகளுக்கு இதன் பயனைச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டிலும் கயிறு வாரியத்தின் ஆய்வகம் தென்னைநாரைக் கொண்டு ஒட்டுப்பலகைக்கு மாற்று கண்டிருக்கிறது. தமிழகப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் தென்னை, பனை, வாழை, கற்றாழை நார்களை அழுத்தியும் அடித்தும் சோதித்து வருகிறார்கள்.

ஆனால் வாசகர்களே, ஒரு முறை அவசரப்பட்டவன் நான். உங்களை அவசரப்படுத்த மாட்டேன். தென்னைநாரின் இழுவலிமை கண்ணாடி நாரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செடிநார் தண்ணீரை உறிஞ்சும். பிசினோ தண்ணீரை வெறுக்கும். ஆகவே இரண்டும் எளிதில் ஒட்டாது. நாரைக் காரநீரில் ஊறவைத்து மெழுகு நீக்க வேண்டும். ஒரு மரத்தின் நாரைப் போல் மற்றொரு மரத்தின் நார் இருப்பதில்லை. இக்குறைகளைத் தீர்க்கவே செடிநார் அடுக்கோடு கண்ணாடி நார் அடுக்கையும் கலந்து சோதிக்கிறார்கள். சோதனையில் தேறாத எதையும், அது இயற்கையானது என்பதற்காகத் தலையில் வைக்கக்கூடாது. இயற்கை என்ற பெயரும் ஒட்டிய காகிதம்போல் ஆகிவிடக் கூடாது அல்லவா?

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாத இருசக்கர வண்டிக்காரர்களும் பின்னால் அமர்ந்தவர்களும். நல்ல தலைக்கவசம் மரண ஆபத்தை நூற்றுக்கு 42 பங்கு குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வண்டித் தலைக்கவசத்தை விற்பதே குற்றம். ஆகவே வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் அந்த உரிம எண் உண்மையானதா என்று சரிபார்க்கலாம். உள்ளே கெட்டியான தெர்மாகோல் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டதை மீண்டும் அணியாதீர்கள். தன் வேலையைச் செய்து முடித்த கவசம் அது.

ஓட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கட்டுகிற கயிறு நல்ல கயிறா என்று பார்ப்பதும் அதில் அடங்கும்.

இரும்பும் பாயும்

உஹதுப் போரில் அண்ணலாரின் தலைக்கவசம் தலைமீதே நொறுக்கப்பட்டு, திருமுகம் காயமுற்ற செய்தியை நீங்கள் அறிவீர்கள். ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். தண்ணீரால் இரத்தம் நிற்கவில்லை. அப்போது பாய்த் துண்டொன்றை எரித்து, அந்தச் சாம்பலை வைத்ததும் இரத்தம் நின்றது என்று புகாரியில் வருகிறது. இரும்புக்கும் ஒரு வேலை இருந்தது. பாய்க்கும் ஒரு வேலை இருந்தது. இறைமறையில் இரும்பின் பெயரால் 'அல்ஹதீத்' என்னும் அத்தியாயம் உண்டு. முறுக்கிய நாரின் பெயரால் 'அல்மஸத்' என்னும் அத்தியாயமும் உண்டு. அண்ணலார் உறங்கிய தோல் விரிப்பின் உள்ளே இருந்ததும் ஈச்சநார்தான்.

மஃரிபுக்கு முன் இரும்பை திரும்பினோம். திண்ணையில் அமர்ந்து மாணவர் தம் பாடத்தை எனக்கு ஓதிக் காட்டினார். இழந்த ஆறு ஜுஸ்வுகளில் முதலாவதான 17ஆம் ஜுஸ்வு; அல்அன்பியா அத்தியாயம். மெல்ல ஓதி வந்தவர், தாவூத் (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் கலையை அல்லாஹ் கற்றுக்கொடுத்ததைச் சொல்லும் 80ஆம் ஆயத்தை அடைந்தார். அந்நபிக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததும், வளையங்களை அளவாகக் கோக்கச் சொன்னதும் மற்றோர் அத்தியாயத்தில் வருகின்றன. இரும்புகூட வளையம் வளையமாக நெகிழ்ந்தபோதுதான் கவசமாயிற்று!

அல்அன்பியாவின் அந்த ஆயத்து ஒரு கேள்வியோடு முடிகிறது: இதற்கு நீங்கள் நன்றி செலுத்துகிறீர்களா என்று. மாணவர் தடுமாறாமல் அதை ஓதி முடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இம்முறை நான் குனியவில்லை. "அடுத்த ஆயத்து" என்றேன். ஓதினார்.

என் பிழைக்கு அவருடைய தகப்பனார் மன்னிப்பு வழங்கிவிட்டார். வல்ல அல்லாஹ்வும் மன்னிப்பானாக! இழந்த ஜுஸ்வுகள் அனைத்தையும் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் மீண்டும் நிலைநிறுத்துவானாக! நம் பிள்ளைகளின் தலைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை நாம் மறவாதிருக்க அருள்புரிவானாக! ஆமீன்.